நாற்பத்திரண்டு பேருக்கு ஒரு காது

நாற்பத்திரண்டு மீசைக்காரர்களுக்கு நான் ஒருத்தி காதாக இருந்தேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, நாலு வருஷம். இதைச் சொன்னால் ஜனங்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சிரிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு ரிக்கார்டில் இருந்தது என் காதுதான்.

என் பெயர் ஏஞ்சலின். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லாரிக்கு உதிரிபாகம் அடிக்கிற ஒரு கம்பெனியில் முதலுதவி அறை நர்ஸ். என் வீட்டுக்காரர் எட்வர்ட் அதே கம்பெனியில் ஹாமர் ஷாப்பில் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறார். ஹாமர் என்றால் சுவரில் ஆணி அடிக்கிற சுத்தியல் என்று நினைத்துவிடாதீர்கள். மாடி உயர மெஷின். இரண்டு டன் இரும்பு மேலேயிருந்து விழும், கீழே சிவக்கக் காய்ந்த கம்பி அச்சுக்குள் நசுங்கி உருவமாகும். என் அறை அங்கிருந்து நூறு அடி தள்ளி. காலையில் மேஜை நடுவில் வைத்த மாத்திரை டப்பா, அதிர்ந்து அதிர்ந்து சாயங்காலத்துக்குள் ஓரத்துக்கு வந்துவிடும். பக்கத்திலேயே நிற்கிறவன் காது என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள டாக்டருக்குப் படிக்க வேண்டியதில்லை.

ஆனால் அதற்கென்றே படித்தவர் ஒருவர் எங்களிடம் இருந்தார். சேஃப்டி ஆபீசர் அன்புராஜ். அவருடைய கேபினுக்கு இரட்டைக் கண்ணாடி, உள்ளே ஏசி. பெரிய காதுக் கவசம் ஒன்று ஆணியில் தொங்கும், போட்டோ எடுக்கிற நாளில் மட்டும் அதை மாட்டிக்கொண்டு ஹாமருக்கு முன்னால் போய் நிற்பார். க்ளிக் ஆனதும் ஓட்டம். தொழிலாளர்களுக்கு ஆரஞ்சு நிறப் பஞ்சு அடைப்பான் உண்டு. ஆடிட் வருகிற நாளில் கேட்டில் ஒரு பெட்டி நிறைய வைப்பார்கள், ஆடிட்டர் கார் சிப்காட் வளைவைத் தாண்டியதும் பெட்டி ஸ்டோருக்குத் திரும்பிவிடும். அதை உருட்டி, காது மடலை மேலே இழுத்து, உள்ளே விட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை. நான் நர்ஸ், எனக்குத் தெரியும். நானும் சொல்லித் தரவில்லை. எட்வர்டோடு ஜோடியாக வேலை பார்க்கிற லோகு ஒன்றை எடுத்து, மழைத் தண்ணீர் போகாமலிருக்க பைக் சாவித் துளையில் செருகி வைத்திருந்தான். எனக்குத் தெரிந்து அந்தக் கம்பெனியில் அடைப்பானால் பாதுகாக்கப்பட்ட ஒரே துளை அதுதான்.

சட்டப்படி வருஷத்துக்கு ஒருமுறை ஹாமர் ஷாப் ஆட்களுக்குக் காது டெஸ்ட் எடுக்க வேண்டும். அதற்குச் சென்னையிலிருந்து ஒரு வேன் வரும். வேனுக்குள் பீரோ மாதிரி ஒரு பெட்டி, உள்ளே ஒரு ஸ்டூல், ஹெட்போன், கையில் ஒரு பட்டன். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். ஆளுக்கு ஐந்து நிமிஷம், அவ்வளவுதான் வேலை. ஆனால் டெஸ்ட்டுக்கு முன்னால் பதினாறு மணி நேரம் அந்த ஆள் சத்தமில்லாத இடத்தில் இருந்திருக்க வேண்டும். அப்படியென்றால் ஒரு ஷிப்ட் அவனை ஹாமர் பக்கம் விடக்கூடாது. நாற்பத்திரண்டு பேரை நிறுத்தினால் ஹாமர் நிற்கும். ஹாமர் நின்றால் மேனேஜருக்கு நெஞ்சு வலிக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், வேன் வந்த அன்று அன்புராஜ் என் அறைக்கு வந்தார்.

"சிஸ்டர், ஒரு சின்ன ஃபார்மாலிட்டி. லேடீஸுக்குக் காது ஷார்ப்பு. நீங்க உட்கார்ந்து அமுக்கிடுங்க. பேரை நாங்க போட்டுக்கறோம்."

"எத்தனை பேருக்கு சார்?"

"எல்லாருக்கும்தான்."

நான் எட்வர்டிடம் கேட்டேன். அந்த மகராசன் யோசிக்கவே இல்லை. "எம் பேருக்கும் நீயே உக்காந்துரு. சூடு ஏறின கம்பிய உட்டுட்டு எவன் வருவான்? காது இல்லன்னு எழுதினா பேக்கிங்குக்குத் தள்ளிடுவானுங்க. அப்பால ஹாமர் பேட்டா கோவிந்தா" என்றார். நாற்பத்திரண்டு பேரும் அதையேதான் சொன்னார்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

உட்கார்ந்தேன். இரண்டு நாள், நாற்பத்திரண்டு தடவை. முதல் தடவையே வேன்காரர் சொன்னார், "வலது காதுல கீழ்ச் சத்தம் கொஞ்சம் கம்மியா கீதே சிஸ்டர்." சின்ன வயதில் சீழ் வந்தது என்றேன். "அது கெடக்கட்டும், மேல் சத்தம்லாம், அதான் விசில் மாதிரி கீச்சுச் சத்தம், ஜோரா கீது. ஹாமர்ல போறது மேல் சத்தம்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரை எழுதினார். சாயங்காலம் அன்புராஜ் சிக்கன் பிரியாணியும் ஒரு ஹாட்பாக்ஸும் கொடுத்தார். யூதாசுக்காவது முப்பது வெள்ளிக்காசு கிடைத்தது. நான் ஹாட்பாக்ஸை வாங்கிக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அதில் இன்னும் சப்பாத்தி வைக்கிறேன், சூடு நிற்பதில்லை.

மூன்றாம் வருஷம் எங்கள் கம்பெனிக்குக் கேடயம் வந்தது. 'செவித்திறன் இழப்பே இல்லாத தொழிற்சாலை' என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. ரிசப்ஷனில் கண்ணாடிக்குள் வைத்தார்கள். அன்புராஜ் மேடையேறி, 'நம் தொழிலாளர்களின் காதே நம் சொத்து' என்று பேசினார். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஹாமர் ஷாப் ஆட்களுக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்து ஆள் கை தட்டுவதைப் பார்த்துப் பார்த்துத் தட்டினார்கள்.

வீட்டில் எட்வர்டோடு குடும்பம் நடத்துவதே பேஜாராகிக்கொண்டிருந்தது. குக்கர் ஏழு விசில் அடித்தாலும் அடுப்பு பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். லாரி போனால் கேட்கும், எங்கள் மகள் ஸ்நேகா "அப்பா" என்று கூப்பிட்டால் கேட்காது. எங்கள் டிவி சத்தத்தில் பக்கத்து வீட்டு ரோசம்மாள் அவர்கள் வீட்டு டிவியை விற்றுவிடலாம் என்று சொல்ல ஆரம்பித்தாள். சர்ச்சில் எல்லோரும் பாடி முடித்து உட்கார்ந்த பிறகும் இவர் மட்டும் நின்று ஒரு வரி பாடுவார். கேட்டால் கோபம் வரும். "எதுக்குடி கத்துற? நான் இன்னா செவுடனா?" என்பார். நானும் அப்படியே விட்டேன். காது டெஸ்ட் எடுக்கிற நர்ஸின் புருஷன், பாருங்கள் லட்சணத்தை.

போன வருஷம் சர்ச்சில் ஒரு இலவச காது முகாம் நடந்தது. அங்கே வந்த டாக்டர் எட்வர்டைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். இரண்டு காதிலும் மேல் சத்தம் முக்கால்வாசி போய்விட்டது, சத்தத்தால்தான், இன்னும் ஒரு வருஷம் ஹாமரில் நின்றால் மிச்சமும் போய்விடும் என்றார். இ.எஸ்.ஐ.யில் மனு போடச் சொன்னார். வேலையால் போன காது என்று மெடிக்கல் போர்டு எழுதிக் கொடுத்தால் மாதாமாதம் உதவி கிடைக்கும், கம்பெனி அவரை அந்தச் சத்தத்தில் நிறுத்த முடியாது. எழுதிக் கொடுக்காவிட்டால் இரண்டே வழி. ஹாமர், இல்லாவிட்டால் கேட்டுக்கு வெளியே.

போட்டோம். மூன்று மாதம் கழித்துத் தபால் வந்தது. மனு தள்ளுபடி. காரணமும் போட்டிருந்தார்கள். கம்பெனி அனுப்பிய நாலு வருஷ டெஸ்ட் தாளின்படி இவருக்கு மேல் சத்தம் நன்றாகக் கேட்கிறது. வலது காதில் மட்டும் கீழ்ச் சத்தத்தில் சிறு குறை. அது இளம் வயதில் காதில் சீழ் வடிந்ததன் அடையாளம். ஆகவே இப்போது சொல்லும் குறை தொழிலால் வந்ததாகக் கொள்ள முடியாது.

எட்வர்ட் தாளை இரண்டு தடவை படித்தார். "எனக்கு எப்படி சீழ் வந்துச்சு? எங்கம்மா ஒண்ணியும் சொன்னதில்லியே" என்றார்.

ஊத்துக்கோட்டை பக்கம் எங்கள் ஊர் ஏரியில் நான் குதித்து விளையாடியதும், ஏழு வயதில் வலது காதில் சீழ் வைத்ததும், பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை என் அம்மா ஊற்றி ஊற்றி இரண்டு வருஷம் தலையணை நாறியதும் ஞாபகம் வந்தது. அந்தச் சீழ் இப்போது என் புருஷன் ஃபைலில் உட்கார்ந்திருக்கிறது. அதை அங்கே கொண்டுபோய் வைத்தது என் கட்டைவிரல்.

மறுநாள் காலை அன்புராஜ் கேபினுக்குப் போனேன்.

"சார், அந்த டெஸ்ட் தாள் சரியில்லைன்னு ஒரு லெட்டர் கொடுங்க. அப்பீலுக்கு ரெண்டு மாசம்தான் டைம் இருக்கு."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "எந்தத் தாள் சிஸ்டர்?"

"நான் உட்கார்ந்த தாள்."

"நீங்க உட்கார்ந்தீங்களா? அது தப்பாச்சே. நர்ஸ் ஒருத்தர் அப்படிச் செஞ்சா ரிஜிஸ்ட்ரேஷனே போயிடும், தெரியுமில்ல? எனக்கு இந்த விஷயமே இப்பதான் தெரியுது." பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். "உங்க வீட்டுக்காரர் கையெழுத்தும் இதுல இருக்கே. புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து கம்பெனியை ஏமாத்திட்டீங்கன்னு நாங்க கேஸ் போட்டா என்ன ஆகும்?"

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அள்ளி ஊற்றினவர் அவர். இப்போது கையும் என்னுடையதாம், நெய்யும் என்னுடையதாம். அந்த ஆளின் முகத்தில் காறித் துப்பியிருக்க வேண்டும். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். என்னை விடக் கேவலமான பிறவி அன்றைக்கு சிப்காட்டில் இருந்திருக்காது.

இரண்டு வாரம் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விட்டால் ஸ்நேகாவின் காலேஜ் என்ன ஆகும் என்று ஒரு பக்கம், எட்வர்டின் மிச்சக் காது என்ன ஆகும் என்று ஒரு பக்கம். அவர் மனுவுக்காகப் போட்டிருந்த லீவ் முடிந்து மறுபடி ஹாமருக்குப் போக ஆரம்பித்திருந்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் என் உதட்டையே பார்ப்பார். முன்னெல்லாம் அப்படிப் பார்த்தால் எனக்கு வெட்கம் வரும். இப்போது அடுப்பு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

விஷயம் எப்படியோ ஹாமர் ஷாப்புக்குப் போய்விட்டது. எப்படி என்ன, அன்புராஜ்தான் சொல்லியனுப்பியிருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து குழம்பு கூட்டிக்கொண்டிருந்தேன். லோகு எட்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினான், ஜன்னலைச் சாத்தினான், திரையை இழுத்துவிட்டான். ஏதோ பாங்கியைக் கொள்ளையடிக்கப் போகிறவன் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்தான்.

"சிஸ்டர்!" என்றான். பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும். "இந்த மேட்டரு வெளிய தெரியக் கூடாது!"

"இன்னாது?" என்றான் இன்னொருவன்.

"வெளிய தெரியக் கூடாதுன்றேன்!"

"ஆமா! மெதுவாப் பேசுங்கடா! அக்கம்பக்கம் கேட்டுடப் போறாங்கோ!" என்று மூன்றாமவன் அலறினான்.

லோகு என்னிடம் திரும்பினான். "நீ போயி போர்டுல நாந்தான் நாப்பத்திரண்டு பேருக்கும் பட்டன் அமுக்கினேன்னு சொன்னேன்னு வெச்சிக்கோ, அல்லாருக்கும் மறுபடி டெஸ்ட்டு வெப்பான்! அல்லாரும் ஃபெயிலு! பேக்கிங்குக்குத் தள்ளுவான்! எட்வர்ட்ணே, நீயாச்சும் சொல்லு! உன் ஒருத்தன் காதுக்காவ நாப்பத்தொரு பேரு பேட்டாவ உடணுமா?"

எட்வர்ட் தலையாட்டினார். அவருக்கு எது கேட்டது, எதற்கு ஆட்டினார் என்று அந்த ஆண்டவருக்குத்தான் தெரியும்.

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ரோசம்மாள் குரல் கொடுத்தாள். "லோகு! கதவத் தொறந்தே வெய்யி, காத்தாவது வரட்டும்! அல்லாம் கேட்டுகினுதான் கீது!"

உள்ளே ஒருத்தன் திரும்பவில்லை. சுவருக்கும் காது உண்டு என்பார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் சுவருக்கு மட்டும்தான் இருந்தது. தவளை தன் வாயால் கெடும் என்றாலும் ஒன்பது தவளை ஒன்றாகக் கெட்டதை நான் அன்றுதான் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சமையல்கட்டுக்குள் போனேன்.

அங்கே நின்று, அவர்கள் முதுகைப் பார்த்து, சாதாரணக் குரலில் கேட்டேன். "யாருக்கு டீ வேணும்?"

ஒருத்தனும் அசையவில்லை.

"லோகு, உன் பைக்க யாரோ தள்ளிகினு போறான்."

லோகு தொடையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தான்.

"ஊடு பத்திகினு எரியுது" என்றேன், இன்னும் கொஞ்சம் சத்தமாக. எட்வர்டையும் சேர்த்துப் பத்து முதுகு. ஒன்றுகூடத் திரும்பவில்லை. என் சிரிப்பு நின்றுபோயிற்று. இந்த முட்டாள்கள் பேட்டாவுக்காகக் காதை விற்றவர்கள், கிடைத்த அடைப்பானையும் காதில் வைக்காதவர்கள், எல்லாம் சரி. ஆனால் இவர்களில் லோகுவுக்கு முப்பத்தைந்து வயதுதான் ஆகிறது. முதல் வருஷம் அவன் பெயரை நான் என் காதால் நிரப்பாமல் இருந்திருந்தால், அன்றைக்கே யாராவது பார்த்திருப்பார்கள். அவனுக்கு இன்றைக்கு என் குரல் கேட்டிருக்கும். அடுப்பங்கரைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். அழுதது மட்டும் யாருக்கும் கேட்காதது வசதியாகப் போயிற்று.

திங்கட்கிழமை முதலுதவி அறை பீரோவைத் திறந்து, நாலு வருஷத்துத் தாள் எல்லாவற்றையும் துணிக்கடைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஒவ்வொருவர் ஃபைலிலும் ஒவ்வொன்றாகக் கிடந்தவை. ஒன்றாகச் சேர்த்து யாரும் பார்த்ததில்லை, பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதுமில்லை. எட்வர்டைக் கூட்டிக்கொண்டு சென்னைக்கு ரயில் ஏறினேன். மீஞ்சூர் தாண்டும்வரை அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "வேல பூடும்ல?" என்று கேட்டார். பெட்டியே எங்களைத் திரும்பிப் பார்த்தது. பூடும் என்று தலையாட்டினேன்.

அப்பீல் போர்டில் டாக்டர் காயத்ரி என்று ஒரு அம்மாள் இருந்தார். தாள்களை மேஜை முழுக்கப் பரப்பினேன். அவர் ஒன்றை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"நாப்பத்திரண்டு பேருக்கும் வலது காதுல அதே இடத்துல அதே குறையா? ஊர்ல எல்லாரும் ஒண்ணாவா சீழ் வெச்சுக்கிட்டாங்க?"

"அது என் சீழ், மேடம்" என்றேன். "எல்லாம் என் காது."

என்னைப் பெட்டிக்குள் உட்காரவைத்தார்கள். அந்த ஸ்டூல், அந்த பட்டன், அந்தக் கீழ்ச் சத்தம். நாலு வருஷமும் நாற்பத்திரண்டு நாற்பத்திரண்டு தடவை உட்கார்ந்தவளுக்கு இது புதிதா என்ன. ஆனால் என் சொந்தப் பெயரில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வந்த தாளை டாக்டர் மற்றவற்றின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். கோட்டின் மேல் கோடு உட்கார்ந்தது.

"நீங்க நர்ஸா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். அதற்குப் பதில் அன்புராஜ் நாலு கேஸ் போட்டிருக்கலாம்.

பிறகு சொன்னார், "இதெல்லாம் உங்க காதுன்னு தெரிஞ்சுபோச்சு. இவர் காதை ஹாமர்தான் தின்னுச்சுன்னு இதை வெச்சு நான் எழுத முடியாது. அதே ஹாமர்ல நிக்கிறவங்களை நானே வந்து பார்க்கணும். அவங்களுக்கும் இப்படித்தான்னா எழுதறேன். அவங்களுக்கு நல்லா கேட்குதுன்னா, மன்னிக்கணும்மா, இவர் மனு நிக்காது."

அந்த வாரமே என்னை சஸ்பெண்ட் செய்தார்கள். ஹாமர் ஷாப்பில் எட்வர்டோடு யாரும் பேசவில்லை. பேசினாலும் அவருக்குக் கேட்கப் போவதில்லை என்பது வேறு விஷயம். அன்புராஜ் ஆட்களைக் கூட்டிப் பாடம் நடத்தினார். பெட்டிக்குள் உட்கார்ந்ததும் மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ண வேண்டும், மூன்றுக்கு ஒருதரம் பட்டனை அமுக்க வேண்டும், கேட்டாலும் சரி கேட்காவிட்டாலும் சரி. இந்தப் பரம ரகசியத்தை லோகு டீக்கடையில் வைத்து இன்னொருவனிடம் சொன்னான். நான் எதிர்ச் சாரியில் காய்கறி வாங்கிக்கொண்டே முழுசாகக் கேட்டேன்.

அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. அந்த மூன்று எண்ணும் வித்தை பலித்தாலும் பலிக்கும். பலித்தால் எட்வர்ட் சாகும்வரை ஹாமர்தான்.

டெஸ்ட் நாளன்று ஹாமர் நின்றிருந்தது. அந்த வளாகத்தில் காக்காய் கத்தியதை நான் அன்றுதான் கேட்டேன். என்னை உள்ளே விடவில்லை, கேட் கம்பிக்கு வெளியே நின்றேன். உள்ளே முப்பதடி தள்ளி வேன். வேனுக்கு முன்னால் பெஞ்சு போட்டு முதல் பத்து பேரை உட்காரவைத்திருந்தார்கள். எல்லோரும் சலவைச் சட்டை, தலைக்கு எண்ணெய். முகம் கேட்டைப் பார்த்து, முதுகு வேனுக்கு. நடுவில் லோகு. என்னைப் பார்த்ததும் பல்லைக் கடித்து முறைத்தான். அவன் விரல்கள் தொடை மேல் ஒன்று, இரண்டு, மூன்று என்று பழகிக்கொண்டிருந்தன. அன்புராஜ் ஒரு ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், முகமெல்லாம் வெற்றி.

டாக்டர் காயத்ரி வேன் படியில் வந்து நின்று தாளைப் பார்த்துக் கூப்பிட்டார். "லோகநாதன்."

எனக்குக் கேட்டது. கேட்டுக்கு வெளியே கரும்புச் சாறு விற்கிறவனுக்குக் கேட்டது, அவன் திரும்பிப் பார்த்தான்.

லோகு என்னையே முறைத்துக்கொண்டிருந்தான்.

"லோகநாதன்! யாருங்க லோகநாதன்?"

பெஞ்சில் ஒரு தலை அசையவில்லை. அன்புராஜ் பதறிப் போய் ஓரடி முன்னால் வைத்தார். டாக்டர் அவரைப் பார்த்து, அங்கேயே நில்லுங்கள் என்று கையைக் காட்டினார். படியிறங்கி வந்தார். பெஞ்சுக்குப் பின்னால், கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்று, பத்துப் பெயரையும் ஒவ்வொன்றாக, வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிற குரலில் படித்தார். ஒவ்வொரு பெயருக்கும் கொஞ்சம் நின்றார். பத்துப் பேரும் சலவைச் சட்டையில் ஜம்மென்று உட்கார்ந்து கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சூப்பர்டா அன்புராஜ். பெட்டிக்குள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்த மேதாவி, பெட்டிக்கு எப்படிப் போவது என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

என் முகம் என்ன ஆனதோ தெரியவில்லை. சிரித்தேனா, அழுதேனா. லோகு அதைப் பார்த்துத்தான் முறைப்பை விட்டான். புருவத்தைத் தூக்கி, "இன்னா?" என்று கேட்டான். பின்னால் பார் என்று கையைக் காட்டினேன். பத்து தலையும் மெதுவாகத் திரும்பின. அங்கே டாக்டர் பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டிருந்தார். லோகுவின் விரல்கள் தொடை மேல் அப்படியே நின்றுவிட்டன. அவன் முகம் சின்னப் பையன் முகம் மாதிரி ஆகிவிட்டது. அவன் மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அப்போதே போய்விட்டது.

அதற்குப் பிறகு பெட்டிக்குள்ளும் உட்காரவைத்தார்கள், மூன்று நாள் நடந்தது. சத்தமே கொடுக்காதபோதும் மூன்றுக்கு ஒருதரம் அமுக்கி எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள். மறுபடி ஒழுங்காக எடுத்தார்கள். நாற்பத்தொரு பேரில் முப்பத்தாறு பேருக்கு எட்வர்டின் காது. கேடயத்தைக் கண்ணாடிக்குள்ளிருந்து எப்போது எடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அன்புராஜ் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார், அங்கேயும் சேஃப்டி ஆபீசர்தான். அந்த ஜனங்களை ஆண்டவர் காப்பாற்றட்டும். என் வேலை போயிற்று. ரிஜிஸ்ட்ரேஷனுக்கு விசாரணை நடக்கிறது, போனால் போகட்டும் என்று சொல்கிற தைரியம் எனக்கு இல்லை, ஆனால் போனால் நியாயம்தான்.

எட்வர்டுக்குத் தாள் போன மாதம் வந்தது. இரண்டு காதிலும் இத்தனை சதவீதம், ஹாமர் சத்தத்தால் ஏற்பட்டது, இனி அந்தச் சத்தத்தில் வேலை கொடுக்கக் கூடாது. அவர் வாசல்படியில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். சீழ் என்ற வார்த்தை எங்கேயாவது இருக்கிறதா என்று திருப்பித் திருப்பித் தேடினார். இல்லை. "ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்றார், தெருமுனை வரைக்கும் கேட்க.

நான் எதிரில் போய் உட்கார்ந்தேன். நாலு வருஷமாகச் சொல்லாத ஒன்று இருந்தது. "என்னை மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவர் தாளிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

"மன்னிச்சிடுங்க. நான் அந்தப் பட்டனை அமுக்கியிருக்கக் கூடாது."

அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். சரி, இந்த மனுஷனிடம் இனி எதையும் காதோடு காதாகச் சொல்ல முடியாது. அதுவும் நான் செய்த வேலைதானே. மூச்சை இழுத்துக்கொண்டு கத்தினேன். "மன்னிச்சிடுங்கோ! உங்க காத நாந்தான் கெடுத்தேன்! நர்ஸா இருந்துகினு ஒரு ஹாட்பாக்ஸுக்காவ அல்லாரு காதையும் கெடுத்தேன்!"

தெரு அப்படியே நின்றது. ரோசம்மாள் மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள். எதிர்வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் கையில் துணியோடு நின்றாள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

எட்வர்ட் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"மொத வாட்டியே உன் வாயப் பாத்துட்டேன்" என்றார். "தெரு கேக்கட்டும்னுதான் கம்முனு இருந்தேன்."